டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நாயிப் சுபேதார், ஸ்பர்ஷில் ஹவில்தார்: யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது?

கேள்வி: 1977 பிப்ரவரியில் ராணுவத்தில் சேர்ந்து, 26 ஆண்டு முடித்து 2003 பிப்ரவரி கடைசியில் வெளியே வந்தேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பதவி நாயிப் சுபேதார் என்று இருக்கிறது. பென்ஷன் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாறிய பிறகு பார்த்தால், ஒரு படி கீழான ஹவில்தார் என்று காட்டுகிறது. என்னோடு வெளியே வந்த நண்பருக்கு என்னைவிடப் பென்ஷன் அதிகம். கடலூரில் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கேட்டேன், தங்கள் கையில் எதுவும் இல்லை என்றார்கள். ஸ்பர்ஷில் போட்ட புகாரை, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸை அணுகவும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பழைய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் வழங்கும் ஆணை, 2011 தானே புயலில் நனைந்து எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்துக் கேட்டால் நடக்குமா? - வாசகர், பாகூர்

பதில்: வணக்கம் ஐயா. இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் வருவது. தவறான பதவிக்கு உரிய தொகை வந்தால், அந்தத் தவறும் மாதாமாதம் நடக்கிறது. நீதிமன்றங்களும் இதை அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் மனு எழுத உட்காரும் முன், உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு விவரங்கள் தெரிந்தாக வேண்டும். நாயிப் சுபேதாராக உயர்வு பெற்ற தேதி எது? உங்களுக்கு ஜே.சி. எண் கொடுத்தார்களா? இவை இல்லாமல் எழுதும் மனு, ஸ்பர்ஷ் புகார் முடிந்த மாதிரியே ஒரு வரிப் பதிலோடு முடியும்.

முதலில் ஜே.சி. எண். ஹவில்தார் வரை ஒருவருக்குச் சேரும்போது கொடுத்த ராணுவ எண்தான். முறையான பதவி உயர்வில் நாயிப் சுபேதார் ஆகும்போது ஜே.சி. என்று தொடங்கும் புதிய எண் வரும். ஓய்வின்போது மரியாதைக்காகக் கொடுக்கும் கௌரவ நாயிப் சுபேதார் பதவிக்கு அந்த எண் கிடையாது, பழைய எண்ணே தொடரும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பெயருக்கு முன் "ஹானரரி" என்றோ அதன் சுருக்கமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைக் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம், நீங்கள் எழுதிய 26 ஆண்டு. 1998-ல் பணிக்காலத்தை இரண்டு ஆண்டு கூட்டிய பிறகு, ஹவில்தாருக்கு 26, நாயிப் சுபேதாருக்கு 28, சுபேதாருக்கு 30 என்று வரம்பு வந்தது. பணிக்காலம் முடிந்து 26-வது ஆண்டில் வெளியே வந்தவர் என்றால், அது ஹவில்தாரின் கணக்கு. முறையான நாயிப் சுபேதார் 26 ஆண்டில் வெளியே வருவதும் உண்டு: சொந்த விருப்பத்தின் பேரில், மருத்துவ வகை குறைந்ததால், நீட்டிப்புக்குத் தகுதி இல்லாததால். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வெளியேறிய காரணம் எழுதியிருக்கும் இடத்தைப் படியுங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸும் உங்கள் மனுவை எடைபோடும்.

ஜே.சி. எண் இருந்தால் அடுத்த கேள்வி தேதி. 2006-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு, கடைசி 10 மாதம் தொடர்ந்து எந்தப் பதவியில் இருந்தாரோ அந்தப் பதவிக்குத்தான் பென்ஷன் கணக்கிட்டார்கள். சம்பளத்தோடு கூடிய ஆக்டிங் பதவியும் இதில் சேரும். 2003 பிப்ரவரி கடைசியில் வெளியே வந்த உங்களுக்கு, 2002 மே 1 அல்லது அதற்கு முன் உயர்வு வந்திருந்தால் 10 மாதம் நிறைகிறது. அப்படியானால் ஹவில்தார் என்று இருப்பது தெளிவான பிழை, திருத்தித்தான் ஆக வேண்டும்.

மே 1-க்குப் பிறகு உயர்வு வந்திருந்தால் விஷயம் இரண்டாகப் பிரிகிறது. கடைசியாக வகித்த பதவி நாயிப் சுபேதார் என்று பதிவில் இருக்க வேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பென்ஷனுக்கான பதவியை மட்டும் அன்றைய விதிப்படி ஹவில்தார் என்று வைத்திருப்பார்கள். அதை எழுத்துப் பிழை என்று மனுவில் எழுதினால் நிராகரிப்பு நிச்சயம். அது விதியை எதிர்த்துக் கேட்கும் கோரிக்கை, முடிவில் ட்ரிப்யூனலுக்கு, அதாவது ராணுவத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். பழைய பி.பி.ஓ.க்களில் கடைசியாக வகித்த பதவியும் பென்ஷனுக்கான பதவியும் தனித்தனியாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பதறுவார்கள்.

ஜே.சி. எண் இல்லை, கௌரவப் பதவிதான் என்று தெரிந்தாலும் கோரிக்கை செத்துப் போகவில்லை. கௌரவ நாயிப் சுபேதார் பதவி பெற்ற ஹவில்தார்களுக்கு நாயிப் சுபேதாருக்கு உரிய பென்ஷன் கொடுக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2009 ஜூன் 12-ல் ஆணையிட்டது. 2006 ஜனவரி 1 முதல் அது அமலானது. 2006-க்கு முன் ஓய்வு பெற்றவர்களை முதலில் சேர்க்கவில்லை. அவர்கள் வழக்கு தொடுத்தார்கள், சண்டிகர் ட்ரிப்யூனல் அவர்களுக்கும் உண்டு என்றது, உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. 2003-ல் வெளியே வந்த நீங்கள் அந்த வரிசையில் வருகிறீர்கள். இந்த வழியில் போனால் மனுவில் "பதவியைத் திருத்துங்கள்" என்று எழுதக் கூடாது. "கௌரவ நாயிப் சுபேதாருக்கு உரிய பென்ஷனை 2006 ஜனவரி 1 முதல் நிர்ணயித்துத் திருத்த பி.பி.ஓ. வழங்குங்கள்" என்று எழுத வேண்டும். கௌரவப் பதவி வழங்கிய கடிதத்தின் நகலும் அதோடு போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கான எம்.ஏ.சி.பி. திட்டத்தில் 8, 16, 24 ஆண்டுகளில் கிடைப்பது சம்பள உயர்வு மட்டுமே. நாயிப் சுபேதார் சம்பளம் வாங்கிய ஹவில்தார், பதவியில் ஹவில்தாரே. அவர் பதவித் திருத்தம் கேட்டு அலைவது வீண். சம்பளம் சரியாகக் கணக்கில் ஏறியதா என்று மட்டும் பார்க்கட்டும்.

இனி, பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு இடங்களில் நுழைந்திருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. 2003-ல் வந்த பி.பி.ஓ.விலேயே ஹவில்தார் என்று இருந்திருந்தால், பிழை ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய, கடைசிச் சம்பளமும் பணி விவரமும் அடங்கிய எல்.பி.சி. கம் டேட்டா ஷீட்டில் இருக்கிறது. ஓய்வுக்குப் பல மாதங்கள் முன்பே பென்ஷன் தாள்களைத் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு வந்த பதவி உயர்வு, புது டேட்டா ஷீட் போகாவிட்டால் கணக்கில் ஏறாது. உயர்வின்போது எண் மாறுவதால் பழைய எண்ணில் ஒரு கோப்பும் ஜே.சி. எண்ணில் ஒரு கோப்பும் என்று பிரிந்து கிடப்பதும் நடக்கிறது. அதனால் எந்த மனு எழுதினாலும் இரண்டு எண்களையும், எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தை விடாமல், முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பழைய பி.பி.ஓ.வில் நாயிப் சுபேதார் என்று சரியாக இருந்து ஸ்பர்ஷில் மட்டும் மாறியிருந்தால் வேலை பாதிதான். தரவு மாற்றும்போது ஏற்பட்ட பிழை அது. பிறகு வந்த திருத்த பி.பி.ஓ. சேராமல் விட்டுப்போயிருக்கலாம். பி.பி.ஓ. நகலை இணைத்து ஸ்பர்ஷிலேயே குறை பதிந்தால் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம், அதாவது பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ், அதைச் சரி செய்ய முடியும். "பதவி தவறு" என்று வெறுமனே எழுதாமல், "இந்த எண்ணுள்ள பி.பி.ஓ.வில் பதவி இப்படி, ஸ்பர்ஷில் இப்படி" என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். ஆதாரம் இல்லாத புகாரைத்தான் ரெக்கார்ட் ஆபீஸ் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

உங்கள் பி.பி.ஓ. தானே புயலில் போனதால் நகல் தேட வேண்டும். பென்ஷன்தாரர் நகல் ஒன்று, பட்டுவாடா செய்த வங்கிக்குப் போன நகல் ஒன்று, ரெக்கார்ட் ஆபீஸ் கோப்பில் ஒன்று என்று இருக்கும். கடலூர்க் கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் இல்லை என்பார்கள். வங்கியின் மத்திய ஓய்வூதிய மையத்துக்குக் கிளை மேலாளர் வழியாக எழுத்தில் கேளுங்கள். கணக்கு எண், பி.பி.ஓ. எண், ஸ்பர்ஷுக்கு மாறிய மாதம் மூன்றையும் கொடுங்கள். பி.பி.ஓ. எண் பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கக்கூடும். நனைந்த தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணும் முத்திரையும் தெரிகிற அளவுக்கு ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

பதவிக்கு ஆதாரமாக எது எடுபடும் என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை எல்லாவற்றிலும் நாயிப் சுபேதார் என்று இருக்கலாம். அவை எல்லாம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை, தனிச் சாட்சியாக நிற்காது. வேர் ஆதாரம், பதவி உயர்வை அறிவித்த பார்ட் டூ ஆர்டர். அதன் எண், தேதி, எந்த யூனிட் வெளியிட்டது என்பது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்தபடி, அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த சம்பளக் கணக்கு அறிக்கை. கடைசி ஆண்டின் அறிக்கைகளில் பதவியும் சம்பள விகிதமும் இருக்கும், 10 மாதக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. கிராஜுவிட்டி கணக்குத் தாள், பிராவிடண்ட் ஃபண்ட் இறுதிக் கணக்கு, இன்சூரன்ஸ் முதிர்வுக் கடிதம் இவற்றையும் பெட்டியில் தேடுங்கள். நாயிப் சுபேதார் சம்பளத்தில் கிராஜுவிட்டி கொடுத்துவிட்டு ஹவில்தார் பென்ஷன் நிர்ணயித்திருந்தால், முரண்பாடு அவர்கள் தாளிலேயே இருக்கிறது.

பார்ட் டூ ஆர்டர் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் இணையதளத்திலேயே கட்டலாம். "ஏன் என் பதவியைக் குறைத்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டம் ஆவணம் தரத்தான் இருக்கிறது. நகல் கேளுங்கள்: பதவி உயர்வின் பார்ட் டூ ஆர்டர், பணி விவரங்கள் எழுதிய ஷீட் ரோல், 2003-ல் பென்ஷனுக்காக அனுப்பிய டேட்டா ஷீட், அதன் மேல் வந்த பி.பி.ஓ. சொந்தப் பணிப் பதிவுதான் என்பதைக் காட்ட அடையாள அட்டை நகலை இணையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அந்த நாளைத் தவற விடாதீர்கள். பழைய பணித் தாள்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தால், லாங் ரோல் என்னும் நிரந்தரப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அதை அழிப்பதில்லை.

முக்கிய மனு போக வேண்டிய இடம் உங்கள் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸ். எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு. அங்கே பதிவைச் சரிபார்த்து, அந்த ரெஜிமென்டுக்கான சம்பளக் கணக்கு அலுவலகம், அதாவது பி.ஏ.ஓ. ஓ.ஆர்., ஒப்புக்கொண்ட பிறகே திருத்த டேட்டா ஷீட் பிரயாக்ராஜுக்குப் போகும். அங்கிருந்து திருத்த பி.பி.ஓ. வரும், அதன் பிறகுதான் ஸ்பர்ஷில் மாறும். சங்கிலியில் கணக்கு அலுவலகம்தான் கோப்பு அதிகம் தேங்கும் இடம். அதனால் ரெக்கார்ட் ஆபீஸிடம் "என் கோப்பு பி.ஏ.ஓ.வுக்குப் போன தேதி, கடித எண்" என்று கேட்டு வாங்கி வையுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில் இருக்கட்டும். சேவைக் கதை, போரில் பங்கேற்ற விவரம், குடும்பக் கஷ்டம் எதுவும் அதில் வேண்டாம். எழுத்தர் தேடுவது எண்ணையும் தேதியையும். இரண்டு எண்கள், பெயர், சேர்ந்த தேதி, உயர்வு தேதியும் பார்ட் டூ ஆர்டர் எண்ணும், வெளியேறிய தேதி, பழைய பி.பி.ஓ. எண், ஸ்பர்ஷ் பி.பி.ஓ. எண் என்று வரிசையாக எழுதுங்கள். கோரிக்கையை உடைத்துக் கேளுங்கள்: பதிவில் பதவியைச் சரிபார்க்க வேண்டும், திருத்த டேட்டா ஷீட்டை பி.ஏ.ஓ. வழியாக அனுப்ப வேண்டும், பென்ஷன் வித்தியாசத்தோடு கிராஜுவிட்டி வித்தியாசமும் கணக்கிட வேண்டும், ஏற்க முடியாது என்றால் விதியைக் குறிப்பிட்டுக் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். கடைசி வரி மிக முக்கியம். காரணத்தோடு கூடிய மறுப்பு கையில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். கிராஜுவிட்டியைத் தனியாகக் கேட்காவிட்டால் பென்ஷனை மட்டும் திருத்திவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

இணைப்புகள் எல்லாம் நீங்களே கையெழுத்திட்ட நகல்களாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மூலப் பிரதியை எந்த அலுவலகம் கேட்டாலும் தபாலில் அனுப்பாதீர்கள். நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வரலாம், தொலைந்தால் மாற்றுச் சான்று வாங்குவது தனிப் போராட்டம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன தேதியைக் காட்டும் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். பதில் வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகக் காத்திருக்க வேண்டிய ஆறு மாதக் கணக்கு அந்தத் தேதியை ஒட்டித்தான் ஓடும்.

நீங்கள் இருப்பது பாகூர், கணக்கு கடலூரில். எந்த அலுவலகம் என்று குழப்பம் வரும். வசிப்பிடத்தை வைத்துத்தான் பதிவு. பாகூர் புதுவை யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரியில் உள்ள படைவீரர் நலத் துறைதான் உங்களுக்கு. முன்பு கடலூர் மாவட்டத்தில் வசித்து அங்கே அட்டை வாங்கியிருந்தால், பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தரவும் முகப்புக் கடிதத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பவும் அந்த அலுவலகத்தில் கேளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. கிடைக்கும் அரியரில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசும் ஏஜென்டுகளிடம் போகாதீர்கள், ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மனு போய்ச் சேர்ந்து ஆறு மாதம் பதில் இல்லை, அல்லது மறுப்பு வந்துவிட்டது என்றால் ராணுவத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதன் சென்னை அமர்வு தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் பொது. மறுப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதம், பதிலே வராவிட்டால் காத்திருந்த ஆறு மாதம் முடிந்த பின் மேலும் ஆறு மாதம் என்பது அவகாசம். அதற்கு மேல் போனால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு சேர்க்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம் என்றாலும், 10 மாத விதியை எதிர்ப்பதாக இருந்தால் பணி வழக்குகள் நடத்திப் பழகிய வக்கீல் தேவை.

அரியர் பற்றி இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2008-ல் தர்ஸேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பென்ஷன் போன்ற தொடரும் தவறுகளில் தாமதத்தைக் காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக வழக்கு போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே. 2003 முதல் மொத்தமும் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் பழைய பக்கத்தில் ஒரு மாதத்தைத் தின்கிறது. அதே தீர்ப்பு இன்னொரு கோட்டையும் போட்டது. சீனியாரிட்டி, பதவி உயர்வு போன்றவற்றில், பிறருடைய உரிமையைத் தொடும் என்பதால், பல ஆண்டு கழித்து வந்த கோரிக்கையை ஏற்க மாட்டார்கள். ஆகவே "எனக்கு சுபேதார் வந்திருக்க வேண்டும்" என்ற பழைய மனக்குறையை இந்த மனுவில் கலந்துவிடாதீர்கள். கொடுத்த பதவியைப் பதிவில் ஏற்றுங்கள் என்பது ஒன்று, கொடுக்காத பதவியைக் கொடுங்கள் என்பது வேறொன்று. இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவதும் சேர்ந்து விழும்.

நண்பரின் பென்ஷனோடு ஒப்பிட்டதைப் பற்றி: ஓ.ஆர்.ஓ.பி., அதாவது ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் திட்டத்தின் அட்டவணையில் பதவி மட்டும் பார்த்தால் போதாது. தொழிற்பிரிவைக் குறிக்கும் எக்ஸ், ஒய், இசட் என்ற குரூப்பும், அரையாண்டுக் கணக்கில் தகுதிப் பணிக்காலமும் சேர்ந்துதான் தொகை வருகிறது. 2014, 2019, 2024 ஜூலை 1 என்று மூன்று முறை அட்டவணை வந்திருக்கிறது. உங்கள் ஸ்பர்ஷ் பக்கத்தில் குரூப்பும் பணிக்காலமும் சரியா என்று பதவியோடு சேர்த்துப் பாருங்கள். குரூப் தவறி இருந்தால், பதவியைத் திருத்திய பின்னும் தொகை குறைவாகவே நிற்கும்.

கடைசியாக, அதே ஸ்பர்ஷ் பக்கத்தில் உங்கள் மனைவியின் பெயர், பிறந்த தேதி, ஆதார் மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பதவித் திருத்தத்துக்கு மாதங்கள் ஆகும். நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பப் பென்ஷனும் தவறான பதவியிலேயே தொடங்கும், இந்த மனுவை உங்கள் மனைவிதான் தொடர வேண்டியிருக்கும். மனு நகல், ஸ்பீடு போஸ்ட் ரசீது, பதில் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லி வையுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போதும் ஆயுள் சான்றைத் தவறாமல் கொடுத்துவிடுங்கள். அது தவறிப் பென்ஷன் நின்றால், வரும் தொகையும் நின்றுவிடும்.